யாழ்மூரியும் பலகுரலிசையும்

சிறார் பலரை ஒருங்கு நிறுத்தித் தேவாரத் திருப்பதிகங்களை ஓதுவிக்கும் வழக்கம் இக்காலத்துச் சமய வகுப்புக்களிலும் திருமுறை விழாக்களிலும் பரவி வருகின்றது. அது மகிழ்தற்குரியதே. ஆயின் அதனோடு வேறொன்றும் உடன் புகுகின்றது. மேனாட்டுத் தேவாலயங்களில் இளஞ்சிறார் இரு பகுதியாகவும் முப்பகுதியாகவும் பிரிந்து, ஒரே காலத்தில் வெவ்வேறு சுரங்களைப் பாட, இசைக்கருவி ஒன்று அவற்றைத் தாங்கிச் செல்லும் முறை உண்டு. அம்முறையையே தேவாரத்திற்கும் ஏற்றவேண்டும் என்பார் சிலர் தோன்றியுள்ளனர். கீபோர்டு என்னும் மின்விசைப் பெட்டியை ஒருவர் வாசிக்க, ஒரு பகுதியார் பதிகத்தைப் பாட, பிறிதொரு பகுதியார் அதற்கு மேலோ கீழோ வேறொரு சுரநிரையைப் பாடுதல் இவர் கருதும் முறை. இதனைத் தேவார இசையின் வளர்ச்சி என்று இவர் கூறுவர். அது வளர்ச்சியோ தேய்வோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவரை மறுக்குமுன், இவர்க்கு நேர்மாறாக நிற்கும் மற்றொரு சாராரையும் விலக்குதல் வேண்டும். தேவாரம் ஓதுவார் ஒருவர் தனித்து நின்று விண்ணப்பித்தற்கே உரியது. பலர் கூடிப் பாடுதல் பாதிரிமார் கூட்டங்களினின்றும் கற்றுக்கொண்ட புதுமை என்பது அவர் கூற்று. அவர் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டினை ஒருமுறை நோக்கியிருப்பின் அங்ஙனம் கூறார். முதலாம் இராசராசன் அக்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தற்கு நியமித்த பிடாரர் நாற்பத்தெண்மர். அவரொடு உடுக்கை வாசிப்பான் ஒருவனும் கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனும் ஆக ஐம்பதின்மர். ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு ஆடவல்லான் என்னும் மரக்காலால் முக்குறுணி நெல் அளக்கப்பட்டது. அவருட் பலர் பெயர்கள் சிவன் என்னும் தீக்கைப் பெயரோடு முடிகின்றன. ஒருவர் இறந்துபடினும் நாடுவிட்டுப் போயினும் அவர்க்கு அடுத்த முறையினர் அந்நெல்லைப் பெற்றுப் பாடுக என்றும், அம்முறையினர் தகுதியிலராயின் தகுதியுடையாரைக் கொண்டு பாடுவிக்க என்றும் விதித்திருத்தலால், அரசன் இதனை ஒருநாள் விழாவுக்காகவன்றி நிலைபெறற்கே அமைத்தான் என்பது தெளிவாம். நாற்பத்தெட்டுக் குரல் ஒருங்கு எழுந்த அத்திருமுற்றத்தை வைத்துக்கொண்டு, சேர்ந்து பாடுதல் வேற்றுநாட்டு வழக்கு என்பது வரலாறறியார் கூற்றேயாம். அந்த ஐம்பதின்மருட் கருவியாளர் இருவரே என்பதும், அவ்விருவர் கருவியும் தாளத்திற்குரிய தோற்கருவிகளே என்பதும் கருதத்தக்கன. சுரத்தைத் தரும் பொறுப்பு முழுவதும் மிடற்றினிடத்தே விடப்பட்டிருந்தது.

இனி, இளங்குரல் தேவாரத்திற்கு ஏலாது என்பாரும் உளர். பெண்மக்கள் கோயிலில் ஓதுதல் ஆகாது என்பாரும் உளர். இவர்கட்கு நீண்ட விடை வேண்டுவதன்று. திருமுறைகளுள் முதல் மூன்றினையும் அருளிய ஞானசம்பந்தப் பெருமான் முதற்கண் வாய்திறந்தது மூன்றாம் ஆண்டில். திருக்கோலக்காவிற் பொற்றாளம் பெற்றபோது தந்தையார் தோளின்மீது அமர்ந்து செல்லும் பருவத்தர். ஆகவே தேவாரம் பிறந்ததே இளங்குரலில் எனல் வேண்டும். திருநீலகண்டப் பெரும்பாணர் யாழெடுக்க உடன் பாடியவர் அவர் வாழ்க்கைத் துணைவியாராகிய மதங்கசூளாமணியார். நம்பியாண்டார் நம்பி திருமுறைகளைத் தொகுத்த காலத்துப் பண்முறை மறைந்து கிடந்ததாகவும், திருவெருக்கத்தம்புலியூரிற் பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவர்பால் அது பெறப்பட்டதாகவும் திருமுறை கண்ட புராணம் கூறும். ஒரு பெண்ணின் மிடற்றினின்றும் மீட்கப்பெற்ற பண்களை அப்பெண்ணின் வழியினர் பாடலாகாது என்பது நன்றி மறத்தலன்றிப் பிறிதென்? 2021-ஆம் ஆண்டு மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் திருக்கோயிலிற் பெண் ஒருவர் ஓதுவாராக நியமிக்கப்பெற்றபோது அதனை வியப்பாகப் பேசியோர் பலர். திருவெருக்கத்தம்புலியூரை நினைந்திருப்பின் அவர்க்கு அவ்வியப்பு எழுந்திராது.

இவ்வகையில் மேனாட்டினர் நிலை வேறு. உரோமைச் சபையின் தலைவராகிய பத்தாம் பயஸ் 1903-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் விடுத்த இசை ஆணையிற் பெண்கள் வழிபாட்டுப் பாடற்குழுவிற் சேர்தலை விலக்கி, உச்சக்குரல் வேண்டுமாயிற் சிறுவரைக் கொள்க என விதித்தார். பின்னாளில் அவ்விலக்கு நெகிழ்ந்தது. அதற்கு முன்னரோ, மகரக்கட்டு வாராமற் காத்தற்பொருட்டுச் சிறுவர்தம் ஆண்மையை அழித்துப் பாடவைத்த கொடுமையும் இத்தாலியில் நிகழ்ந்தது. அவ்வாறு ஆக்கப்பெற்றாருள் இறுதியானவராக அறியப்படும் அலெஸாண்ட்ரோ மொரெஸ்கி என்பார் உரோமைச் சிஸ்டைன் கோயிற் பணியினின்றும் நீங்கியது 1913-இல். குழந்தைக்குரலின் தூய்மையைச் சைவர் பிறரிடத்துக் கற்கவேண்டிய குறை இல்லை என்பதற்கே இது கூறப்பட்டது. அவ்வாணையில் வேறொரு பகுதியும் உண்டு. திருச்சபையின் இசை மிடற்றிசையே என்றும், ஆர்கன் என்னும் குழற்கருவி குரலைத் தாங்குவதன்றி அடக்குதல் ஆகாது என்றும், பியானோவைக் கோயிலில் வாசிக்கலாகாது என்றும் பயஸ் விதித்தார். மேனாட்டைப் பின்பற்றுக என்பார் இப்பகுதியை மட்டும் ஏன் பின்பற்றுகின்றிலர்?

இனி இவர்தம் தலைமையான வாதத்திற்கு வருவாம் எனின், அது யாழைப் பற்றியது. சம்பந்தர் பாடப் பாணர் யாழில் இட்டு வாசித்தார். ஆகலின் இளங்குரலும் நரம்புக்கருவியும் கூடிய இசையே தேவாரத்தின் தொன்னிலை. அன்றைய யாழ் எதுவோ அதுவே இன்றைய கீபோர்டு. காலத்திற்கேற்பக் கருவி மாறுதல் இயல்பு என்பர். இவ்வாதம் கேட்பதற்கு இனிது. இதனை முன்வைப்போர் திருத்தருமபுரத்து நிகழ்ச்சியை மட்டும் சொல்லாது விடுவர்.

காரைக்காலை அடுத்த திருத்தருமபுரம் பெரும்பாணர்க்குத் தாய்வழிச் சுற்றத்தார் வாழ்ந்த ஊர். சம்பந்தர் ஆங்கு எழுந்தருளியபோது அச்சுற்றத்தார், பிள்ளையாரின் பதிகங்கள் உலகெங்கும் புகழ்பெறுதற்குக் காரணம் பாணர் அவற்றை யாழிலிட்டு வாசித்தலே என்றனர். உறவின்மேற் கொண்ட பற்றினாற் பேசிய பேச்சு அது. பாணர் அதுகேட்டு நடுங்கினார். பதிகவிசை கருவியில் அடங்காது என்பதனை இவர்களும் உலகினரும் அறியும்படி ஒரு பதிகம் பாடியருளவேண்டும் எனச் சம்பந்தரைத் தாமே வேண்டிக்கொண்டார். பிள்ளையாரும் பாடினார். பாணர் யாழிலிட்டு வாசிக்கப் புகுந்தார். விரல் சென்றவழி இசை செல்லவில்லை. இசை சென்றவழி நரம்பு செல்லவில்லை. இக்கருவியைத் தொட்டதனாலன்றோ இப்பழிமொழி கேட்க நேர்ந்தது என்று யாழை உடைக்க ஓங்கினார். பிள்ளையார் அதனைத் தடுத்து, இறைவன் திருவருட்பெருமை கருவியளவில் அடங்குவதோ எனக் கூறி, அடங்குமளவில் வாசித்து உடன் வருக என்று யாழை மீளவும் அவர் கையிற் கொடுத்தார். அப்பதிகம் யாழ்மூரி எனப் பெயர் பெற்றது. இன்று ஓதுவார்கள் அதனை அடாணாவிற் பாடுவர்.

இவ்வரலாற்றில் மூன்று செய்திகள் உள. கருவிக்கு இடமுண்டு, சம்பந்தர் யாழை விலக்கினாரல்லர், உடைக்கவும் விட்டாரல்லர். அக்கருவி எவ்வளவு உயர்ந்ததாயினும் பாட்டினைப் பின்தொடர்வதேயன்றி முன்செல்வதன்று. கருவிக்கும் பாட்டிற்கும் முரண் நேரின் குறைவுபடவேண்டுவது கருவி. இவற்றுள் மூன்றாவதனைத்தான் புதுமுறையார் தலைகீழாக்குகின்றனர். கீபோர்டிற் பிடிபடாத அசைவுகளைப் பிள்ளைகள் விட்டுவிடுகின்றனர். சுரக்கூட்டிற்கு இணங்காத சுரத்தை ஆசிரியர் மாற்றியமைக்கின்றார். யாழ்மூரியைக் கருவிக்குள் அடக்க முயன்று இயலாமையால் யாழை உடைக்கத் துணிந்தார் பாணர். இவரோ பதிகத்தையே உடைத்துக் கருவியுள் அடக்கிவிடுகின்றனர். திருத்தருமபுரத்துச் சுற்றத்தார் பேசிய பேச்சும் இவர் செயலும் ஒரே கருத்தின: பாட்டிற்குப் பெருமை கருவியால் வருகிறது என்பது.

கீபோர்டின் இயல்பு யாது? ஒரு தானத்தைச் சமமான பன்னிரண்டு கூறாக வகுத்து, ஒவ்வொரு கூற்றிற்கும் ஒரு கட்டை வைத்த கருவி அது. செவி இயல்பாக நாடும் அந்தர காந்தாரம் ஆதார சட்சத்திற்கு ஐந்துக்கு நான்கு என்னும் அதிர்வெண் விகிதத்தில் நிற்பது. கீபோர்டின் காந்தாரமோ அதனினும் மிகுந்து நிற்கும். அரைச்சுர இடைவெளியை நூறு கூறாக வகுப்பின் ஏறத்தாழப் பதினான்கு கூறு மிகை. தம்பூரா மீட்டிய கூடத்தில் ஒரு குழந்தை பாடுமாயின் அதன் செவி தானே அந்தத் தூய காந்தாரத்தைச் சென்று பற்றும். கீபோர்டோடு பழகிய குழந்தை அந்த மிகையையே சரியென்று கொள்ளும். அனைத்திந்திய வானொலியார் 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தமைக்கு இதுவும், வழுக்கியசையும் சுரங்களை அது தரமாட்டாமையுமே காரணங்களாகச் சொல்லப்பட்டன. அவ்விலக்கு மிகக் கடியது என்பார் உளர், இருக்கலாம். ஆர்மோனியத்தைத் துணையாகக் கொண்டு பண் வழுவாது பாடிய ஓதுவார்களும் பலர் இருந்தனர். ஆனால் அவர்கள் ஆர்மோனியத்தைத் தம் மிடற்றின்பின் செலுத்தினர். கருவி பிடிக்காத இடத்தைக் குரலால் நிரப்பினர். பயிலத் தொடங்கும் பிள்ளைக்கு அவ்வலிமை ஏது?

இங்கே தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரத்தை எடுத்துக்காட்டுவார் உண்டு. 1917-இல் வெளிவந்த அப்பெருநூலிற் பண்டிதர் தானத்தைச் சமமாக வகுப்பதே தமிழர் முறை என நாட்டினார். எனவே சமக்கூறுடைய கீபோர்டு தமிழிசைக்கு இசைவானது என்பர். விபுலானந்த அடிகளோ, திருக்கொள்ளம்பூதூரில் 1947-ஆம் ஆண்டு அரங்கேறிய யாழ்நூலில் இருபத்திரண்டு சுருதி முறையை நிலைநாட்டினார். இவ்விருவருள் யார் கொள்கை வலியது என்பது தனியே ஆராய்தற்குரியது. பண்டிதர் கொள்கையையே மேற்கொள்ளினும் வழக்கு முடிந்தபாடில்லை. என்னை? பண்டிதர் தானத்தை வகுத்தது பன்னிரண்டோடு நில்லாது இருபத்துநான்காக. கீபோர்டில் அவ்வெஞ்சிய பன்னிரண்டும் எங்கே? அன்றியும் பண் என்பது சுரங்களின் பட்டியல் அன்று. ஒரு சுரத்தினின்றும் மற்றொன்றிற்குக் குரல் செல்லும் வழியே பண்ணின் உயிர். ஓதுவார் மரபிற் பஞ்சமப்பண் ஆகிரியாகவும், மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியாகவும் பாடப்படுகின்றன. ஆகிரியின் சுரங்களைக் கட்டையின்மேல் ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டுக. ஆகிரி வாராது, அழுகையும் சிரிப்புமற்ற ஏதோ ஒரு ஒலிநிரையே வரும்.

தமிழ் முன்னோரே இணை, கிளை, பகை, நட்பு என நரம்புகளின் உறவு வகுத்தனர். இது பலகுரலிசைக்கு வித்தன்றோ என்பது அடுத்த கடா. அஃது ஒரு நரம்பிற்கும் மற்றொரு நரம்பிற்கும் உள்ள பொருத்தத்தை உணர்த்தியது. யாழிற்குச் சுருதி சேர்க்கவும் பண் பிறக்குமாறு அறியவும் பயன்பட்டது. ஒரே பதிகத்தை இருவர் இருவேறு நரம்பிற் பாடுக என விதித்ததன்று. குரலும் இளியும் உடன் ஒலித்தல் தம்பூராவில் உண்டு. அது நிலையாய் நின்று பாட்டிற்குத் தரையாவது. தரை அசையாதிருத்தலாலன்றோ அதன்மேல் நடப்பது எளிதாகின்றது?

பலகுரலிசையைத் தேவாரத்தில் ஏற்றுதற்கு இரண்டே வழிகள் உள. ஒன்று, எல்லாப் பகுதியாரும் ஒரே சொல்லை ஒரே காலத்திற் பாடிச் சுரத்தில் மட்டும் வேறுபடுதல். மற்றொன்று, ஒரு பகுதியார் தொடங்கிய சிறிது பொழுதின்பின் மற்றொரு பகுதியார் தொடங்கி, சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வருதல்.

முதல் வழியிற் சொல் பிழைக்கும், பண் பிழையாது. கௌசிகப் பண்ணை எடுத்துக்கொள்க. ஓதுவார் அதனைப் பைரவியிற் பாடுவர். பைரவியில் ஏறுங்கால் ஒரு தைவதமும் இறங்குங்கால் மற்றொரு தைவதமும் வரும். அவ்விரண்டும் அரைச்சுர இடைவெளியே உடையன. ஒரு குரல் தனித்துச் செல்லுங்கால் இவ்விரண்டும் முன்னும் பின்னுமாய் வந்து பண்ணிற்கு அழகு செய்கின்றன. ஒரு பகுதியார் ஏறும்போதே மற்றொரு பகுதியார் இறங்குவாராயின் இரண்டு தைவதமும் ஒரே கணத்தில் மோதும். மோதாமல் இருக்க ஆசிரியர் ஒன்றனை நீக்குவார். நீக்கிய பின்பு எஞ்சுவது பைரவி அன்று, கௌசிகமும் அன்று. இங்ஙனம் ஒவ்வொரு பண்ணும் மேனாட்டார் மேஜர், மைனர் என வழங்கும் இரண்டு அச்சுக்களுள் ஒன்றில் வார்க்கப்படும். இருபத்துமூன்று பண்களைக் காத்துத் தந்த மரபிற்கு ஈடாக இரண்டு அச்சுக்கள்!

இரண்டாம் வழி இன்னும் கொடியது. சுத்தமாயையினின்றும் தோன்றும் வாக்கினைச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நான்காகச் சைவ சித்தாந்தம் வகுக்கும். சூக்குமையில் ஒளிவடிவாய் நின்றது, பைசந்தியில் மயில்முட்டையின் நீரில் வண்ணங்கள் அடங்கிக் கிடப்பதுபோல எழுத்துக்கள் பிரியாமல் அடங்கி, மத்திமையில் முறைப்பட்டு, வைகரியிற் பிறர் செவிக்குப் புலனாகும். அருளாளர்பால் இறைவன் உணர்த்திய பொருள் இவ்வழியே இறங்கி வந்தது. கேட்கும் உயிரோ வைகரியிற் செவிப்பட்ட சொல்லை உள்ளத்தே முறைப்படுத்திப் பொருளின்கண் ஏறவேண்டும். மூன்று பகுதியார் ஒரு பாட்டின் மூன்று சொற்களை ஒரே கணத்திற் கூறுவாராயின் கேட்பார் எதனை முறைப்படுத்துவர்? செவிக்கு இனிய ஆரவாரம் கிடைக்கும்; பொருள் கிடையாது. ஞானசம்பந்தர் தம் உரை இறைவன் உரையே எனப் பலவிடத்துக் குறித்தருளினார். இறைவன் உரையைக் கேட்கவொட்டாமற் செய்வதனை வழிபாடு என்று எவ்வாறு கூறுவது? இது சுவை பற்றிய கருத்து வேற்றுமை அன்று. அருட்பாவை மந்திரமாகக் கொள்வதோ பாடற்பொருளாகக் கொள்வதோ என்னும் வழக்கு.

மேனாட்டு இளங்குரற் பாடலை முன்மாதிரி எனக் காட்டுவோர் அம்முன்மாதிரியையேனும் ஊன்றிக் கேட்டிருத்தல் வேண்டும். இங்கிலாந்து நாட்டு இசைவாணர் பெஞ்சமின் பிரிட்டன் (1913–1976) இயற்றிய 'எ செரிமனி ஆஃப் கேரல்ஸ்' இவ்வகையிற் பெரும்புகழ் பெற்றது. 1942-ஆம் ஆண்டு, போர்க்காலத்து, அமெரிக்காவினின்றும் தாய்நாடு திரும்பும் கப்பலில் அவர் அதனைத் தொடங்கினார். இளங்குரற் பகுதிகட்கு ஹார்ப் என்னும் நரம்புக்கருவி ஒன்றே துணை. ஹார்ப் என்பது பண்டை வில்யாழின் இனத்தது. ஆகவே பிள்ளைக்குரலும் யாழும் கூடிய கூட்டம் என அதனைச் சைவர் உடனே அறிந்துகொள்ளலாம். பழைய ஆங்கிலப் பாடல்கள் பலவற்றை அவர் அதில் எடுத்தமைத்துள்ளார். 1595-இல் தூக்கிலிடப்பட்ட ராபர்ட் சவுத்வெல் என்னும் பாதிரியார் பாடிய பாடல் ஒன்றும் அவற்றுள் உண்டு. 'திஸ் லிட்டில் பேப்' என வழங்கும் அப்பகுதியில் மூன்று குரற்பகுதியினர் ஒருவர்பின் ஒருவராக மிக நெருங்கி நுழைந்து ஒரே பாட்டைப் பாடுவர். சொற்கள் ஒன்றையொன்று துரத்தும். பாடலின் பொருள் போர். ஆகவே அந்நெருக்கடி பொருந்தும். இதனைத்தான் புதுமுறையார் காட்டுவர்.

அந்நூலின் முதலிலும் இறுதியிலும் உள்ளவற்றை இவர் காட்டார். தொடக்கத்தில் இளங்குரலினர் ஊர்வலமாக உள்ளே வருங்கால் பாடுவது கிறித்தவர்தம் பழைய வழிபாட்டு இசை. முடிவில் வெளியே செல்லுங்காலும் அதுவே. அவ்விரண்டிடத்தும் பகுதி பிரிதல் இல்லை; ஹார்ப் ஒலிப்பதும் இல்லை; அனைவர் குரலும் ஒன்றாய், ஒரே சுரநிரையிற் செல்லும். நடுவே ஓரிடத்தில் ஹார்ப் தனித்து நின்று அவ்விசையை நினைந்து வாசிக்கும். அப்போது குரல்கள் அடங்கியிருக்கும். புலவர் பாடிய பாடல்மேற் பலகுரலை ஏற்றத் தயங்காத அவ்விசைவாணர், வழிபாட்டிற்குரிய தொல்லிசையை அதன் வடிவிலேயே விட்டுவைத்தார். பாடல் வேறு, ஓதுதல் வேறு என்னும் வேற்றுமையை அவர் உணர்ந்திருந்தார். அவரைப் பின்பற்றுவதாகச் சொல்லித் தேவாரத்தின்மேற் சுரக்கூட்டுக்களை அடுக்குவோர் அவரிடத்துக் கற்கவேண்டிய பாடத்தையே கற்கவில்லை.

தமிழகத்திலேயே இதற்கு முன்னோடிகள் உளர் என்பர். எம். பி. சீனிவாசன் (1925–1988) சென்னையில் இளைஞரைத் திரட்டிச் சேர்ந்திசைக்குழு அமைத்துப் பாரதியார் பாடல்களைப் பலகுரலிற் பாடுவித்தது உண்மை. அது போற்றத்தக்க பணி. நாட்டுப்பற்றினை எழுப்பும் பாடலுக்குப் பெருங்கூட்டத்தின் குரல் பொருந்தும். அதன் இசையும் இயற்றுவார் விருப்பிற்கு விடப்பட்டது. இளையராஜா 2005-இல் திருவாசகப் பகுதிகளைப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவினருடன் அமைத்து வெளியிட்டார். அதனைக் கேட்டுத் திருவாசகத்தைத் தேடி வந்தோர் உண்டாயின் நன்று. ஆயினும் அது கோயிலில் ஓதுதற்கென அமைந்ததன்று. ஓதும் முறையினைத் தான் மாற்றுவதாக உரிமை பாராட்டவும் இல்லை. அன்றியும் திருவாசகத்திற்குத் தேவாரத்திற்குப் போலப் பதிகந்தோறும் பண் வகுத்த கட்டளை இல்லை. பண் குறித்த பாடலையும் பண் குறியாத பாடலையும் ஒருதன்மையவாக வைத்து வழக்காடுதல் முறையன்று.

எஞ்சியது ஒன்று. பிள்ளைகள் இக்காலத்தில் வேறு ஒலிகளோடு பழகியவர்கள். கீபோர்டின்றி அழைத்தால் வாரார். ஆகவே அவர்களை ஈர்த்தற்கேனும் இது வேண்டும் என்பது. இவ்வாதத்திற்குப் பின்னால் உண்மையான கவலை ஒன்று உண்டு. பல ஊர்களில் தேவார வகுப்புக்குப் பிள்ளைகள் சிலரே வருகின்றனர். வந்தோரும் பூப்பெய்தும் பருவத்திலோ மகரக்கட்டு வந்தவுடனோ நின்றுவிடுகின்றனர். ஆயின் அவர்கள் விலகுதற்குக் காரணம் சுரக்கூட்டு இன்மையோ? பெரும்பாலும் சுருதியே காரணம். ஆசிரியர் ஆடவராய் ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டையிற் பாடுவார். அதே சுருதியைப் பிள்ளைகட்கும் வைப்பார். ஐந்து கட்டையை ஒட்டிப் பாடவேண்டிய இளங்குரல் மெலிவிலே புகுந்து முணுமுணுக்கும். அல்லது ஒரு தானம் மேலேறி, உச்சியிற் பற்றமாட்டாது கத்தும். முணுமுணுத்துக் களித்த பிள்ளை உலகில் இல்லை. பிள்ளைகளின் சுருதியைப் பிள்ளைகட்கு வைத்து, ஆசிரியர் தாம் கீழ்த்தானத்தில் நின்று சொல்லிக்கொடுப்பாராயின் அக்குரல்கள் தாமே மலரும். மகரக்கட்டு வந்த சிறுவனை வெளியே அனுப்பாமல், சிலமாதம் தாளம் போடும் பணியைக் கொடுத்து உடன் இருத்துக. பொற்றாளம் தேவாரத்திற்குப் புதிதன்று.

தொகுதியாகப் பாடுதற்கேற்ற அமைப்பும் மரபிலேயே உண்டு. ஓதுவார் முன்னோத அடியார் பின்னோதுதல். இரு பகுதியார் எதிரெதிர் நின்று பாட்டை மாறிமாறிப் பாடுதல். தாளமின்றி விரித்துப் பாடும் சுத்தாங்கத்தை ஒருவர் பாட, தாளத்தோடு கூடிய பண்ணாங்கத்தை எல்லோரும் பாடுதல். இவற்றுள் எவற்றிலும் சொல் சிதையாது, பண் முறியாது. பலர் கூடிய எழுச்சியும் குறையாது. தருமபுரம் ப. சுவாமிநாதன் போன்ற ஓதுவார்களின் ஒலிப்பதிவுகள் எளிதிற் கிடைக்கும் இக்காலத்திற் பண்ணைக் கற்பிக்க ஆசிரியர்க்கு வழியில்லை என்பதற்கும் இடமில்லை.

புதுமுறையார் இவையெல்லாம் பழமை பேசுவோர் சொல் என்று தள்ளுவாராயின், அவர்க்கு ஒரு சோதனை உண்டு. பத்துக் குழந்தைகளைத் தெரிந்துகொள்க. யாழ்மூரிப் பதிகத்தை மூன்று திங்கள் தம்பூராவொன்றே துணையாக, அவர்தம் சுருதியில், அடாணாவில் ஒருகுரலாகக் கற்பிக்க. அதே பதிகத்தை வேறு பத்துக் குழந்தைகட்குக் கீபோர்டோடு மூன்று பகுதியாகக் கற்பிக்க. இரு குழுவினரையும் ஒரே நாளில் ஒரே திருக்கோயில் மண்டபத்திற் பாடச்செய்து, அப்பதிகத்தை முன் அறியாத அடியார் சிலரை அழைத்து, தாங்கள் கேட்ட சொற்களை ஏட்டில் எழுதித் தருமாறு வேண்டுக. இரண்டு ஏடுகளையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் படித்த பின்பு வழக்கைத் தொடரலாம். திருத்தருமபுரத்திலேயே இச்சோதனையை வைத்துக்கொள்ளினும் நன்று.

திருச்சிற்றம்பலம்.